செமினியிலிருந்து சயாமை எழுதுவது

என் தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்டது இவ்வளவுதான். படம் இல்லை, கடிதம் இல்லை, எந்த வயதில் போனார் என்பதிலேயே பெரியவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. உலு லங்காட் பக்கத்துத் தோட்டங்களில் வேரூன்றிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மாமாவோ சித்தப்பாவோ இப்படி ஒற்றை வரியாக மிஞ்சியிருப்பார். அந்த ஒற்றை வரியை ஒரு நாவலாக்க வேண்டும் என்ற ஆசை பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு இருந்தது. காஜாங்கில் கணக்குப்பிள்ளை வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிறு பதிப்புகளில் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கதைகள் தந்த தைரியத்தில்தான் செமினியில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

டீச்சர் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நாவல்கள் எழுதியவர். "என் பேரைப் போடாதே, வேலையைப் பத்தி மட்டும் எழுது" என்பது அவர் உத்தரவு. அதனால் இங்கேயும் அவர் டீச்சர்தான்.

முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது: "இந்த நாவல் எதுக்கு?"

"மறந்துடக் கூடாதுன்னு, டீச்சர்."

"அதுக்கு ஒரு கல்லு நட்டாப் போதுமே. நாவல் எதுக்கு?"

பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு கட்டுத் தாளும் இரண்டு பென்சிலும் எடுத்து வந்தார். கணினி கூடாது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், இடது ஓரம் இரண்டு விரற்கடை விட வேண்டும். அந்த ஓரம் அவருடையது. சிவப்புப் பேனாவால் மூன்று அடையாளங்கள் போடுவார். வட்டம் போட்டால், 'இதை யார் பார்த்தார்கள்?' நெளிகோடு போட்டால், 'இது நீ எங்கேயோ படித்தது, உன்னுடையது இல்லை.' நேராக ஒரு செங்குத்துக் கோடு இழுத்தால், 'இருக்கட்டும்.' செங்குத்துக் கோடு என் தாளில் விழ வெகுகாலம் ஆயிற்று.

முதல் அத்தியாயத்தை நான் வரலாற்றில் தொடங்கினேன். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் ஜப்பானியர் தரையிறங்கியது, 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது, பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. பிறகு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை: சயாம் என்று நம்மவர்கள் சொன்ன தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி, இரு பக்கத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தாவில் சேர்ந்தன. ஏறக்குறைய 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டப் பாட்டாளிகள். இத்தனையையும் உழைத்துச் சேகரித்து, ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தேன்.

டீச்சர் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒவ்வொரு பத்திக்கும் பொறுமையாக வட்டம் போட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. இதை யார் பாத்தாங்க? வேகன்ல ஏறுனவனுக்கு 415 கிலோமீட்டர்னு தெரியுமா?"

தெரியாது. கோலாலம்பூரில் அடைத்த சரக்கு வேகனின் கதவு, வழியில் எங்கெங்கோ திறந்து மூடி, சயாமின் பான் போங்கில் கடைசியாகத் திறந்தபோது தான் எந்த நாட்டில் நிற்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. பகலில் தகரம் கொதிக்கும், ராத்திரியில் குளிரும். உட்கார இடம் போதாமல் முறை வைத்துத்தான் கால் நீட்ட முடியும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த புவியியல். "நீ படிச்சது வீண் இல்ல. உனக்குத் தெரிஞ்சிருக்கணும். உன் ஆளுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது" என்றார் டீச்சர். அன்று அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அது கைக்கு வந்து சேர்ந்தது வேறு ஒரு நாளில், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து வாந்திபேதி அத்தியாயம். 1943-இல் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. வேலையை முடிக்கச் சொல்லி மேலிடத்து நெருக்கடி, மழையில் கரைந்த மண்மேடு, பொங்கி நிறைந்த கக்கூஸ் குழிகள். மே மாதத்தில் காலரா ஆற்றோரமாக முகாம் முகாமாக இறங்கியது. கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர எதையும் குடிக்காதே என்று போர்க்கைதிகளுக்குச் சொல்ல அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். நம் ஆட்களின் முகாம்களில் அப்படிச் சொல்வதற்குப் பெரும்பாலும் ஆள் இல்லை, சாவுக் கணக்கு அவ்வளவு ஏறியதற்கு அது ஒரு பெரிய காரணம். எழுதும்போது நான் அழுதேன். படிக்கிறவர்களும் அழ வேண்டும் என்று எழுதினேன். கொடூரம், அவலம், நெஞ்சைப் பிளக்கும், இரத்தக் கண்ணீர் என்று வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன.

தாள் முழுக்க நெளிகோடு. டீச்சர் அந்த வார்த்தைகளைத் தனியாக ஒரு துண்டுத்தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். இவை இல்லாமல் இதே அத்தியாயத்தை எழுதி வா என்றார். எழுதினேன். அத்தியாயம் ஒரு தாளாகச் சுருங்கிப்போனது. அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டால் எனக்குச் சொல்ல எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு பல வாரம் திண்டாடினேன். நிரப்ப முயன்ற ஒவ்வொரு தடவையும் பழைய வார்த்தைகளே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றன. எழுத்தை விட்டுவிடலாமா என்று யோசித்த காலம் அது.

"எழுதறதை நிறுத்து. வா, வெளியே போவோம்" என்று டீச்சர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, சாலையோரம் இருந்த ஒரு நர்சரிக்குப் போனார். தோட்டத்துப் படிக்கட்டு கட்டுவதற்காகப் பழைய சிலிப்பர் கட்டைகளை அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். ரயில் பாதையிலிருந்து கழற்றியவை. முந்தைய நாள் மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தன. ஆணி இறங்கிய துளைகளில் தண்ணீர் நின்றது. ஒன்றைத் தூக்கு என்றார். குனிந்து ஒரு முனையைப் பிடித்தேன், அது தரையை விட்டு அசையவே இல்லை. கடையில் வேலை செய்த வங்காளதேசத்துப் பையன் மறு முனைக்கு வந்தான். இருவருமாகத் தோளில் ஏற்றினோம்.

அன்று தோள் சொல்லிக்கொடுத்ததை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கட்டையின் விளிம்பு சதையில் உட்காருவதில்லை, காறை எலும்பின் மேல் உட்காருகிறது. கைகள் கனத்தைத் தாங்குவதற்கு அல்ல, கட்டை உருண்டுவிடாமல் பிடிப்பதற்குத்தான். கழுத்தைத் திருப்ப முடியாது. முகம் சாய்ந்தே இருப்பதால் முன்னால் போகிறவனின் குதிகாலைத் தவிர எதுவும் கண்ணில் படாது. நர்சரியின் பின்பக்கம் சின்ன ஏற்றம் ஒன்று இருந்தது. அதில் அவன் கால் வைத்ததும் கனம் சட்டென்று பின்னால் இறங்கி என் மேல் வந்தது. "மெல்ல, மெல்ல" என்று கத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். இறக்கி வைத்தபோது உள்ளங்கையில் சிராய் ஏறியிருந்தது. பழைய தார் எண்ணெய் வாசம் துணியை விட்டுப் போகவில்லை.

அன்றிரவு எழுதியது ஒரே பத்தி. மேட்டில் ஏறும்போது முன்னால் போகிறவனைப் பின்னால் போகிறவன் வெறுக்கிறான். இறங்கும்போது முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனை வெறுக்கிறான். சமதரையில் இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். பத்தியில் அழுகை இல்லை, வெடித்த ஒரு குதிகால் மட்டும் இருந்தது. டீச்சர் படித்தார். பேனாவை ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு இழுத்தார். "அழுறது படிக்கிறவங்க வேலை. உன் வேலை தூக்குறது" என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு சாமான்களைத் தேடித் தேடித் தொட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர் மண் என்று போர்க்கைதிகளுக்கு முதலில் அளவு வைத்திருந்தார்கள், பிறகு அதையும் ஏற்றினார்கள். ஒரு கன மீட்டர் மண் என்றால் ஒன்றரை டன் வரும். வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் அள்ளிப் பார்த்ததில், முதல் சில கூடைகளிலேயே விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன, நிமிர்த்த முடியவில்லை. அன்று மாலை சோற்றைப் பிசையக்கூட விரல் வரவில்லை. அந்த முகாமில் சோறு எப்படித் தின்றிருப்பார்கள் என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

இடையில் டீச்சர் படிக்கக் கொடுத்தார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு'. போர்க்காலத்துத் தென்கிழக்காசியா தமிழ் நாவலில் எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்க்க, ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. கதையைப் படிக்காதே, கண்ணைப் படி என்பார். ஒவ்வொரு பத்தியையும் யாருடைய கண் பார்க்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல வேண்டும். விரல் எங்கே தடுமாறுகிறதோ, அங்கே எழுதியவர் ஆள் மாற்றியிருக்கிறார். ஆங்கிலத்தில் கிடைத்த நாவல்களையும் இப்படியே படித்தோம். பியேர் பூல் 1952-இல் பிரெஞ்சில் எழுதிய குவாய் நதிப் பாலத்துக் கதை 1957-இல் படமாக வந்து உலகமெங்கும் ஓடியது. படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலையில். அதில் நம் ஆட்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ரிச்சர்ட் ஃபிளனகன் 2014-இல் புக்கர் பரிசு வாங்கிய நாவலும் இதே பாதையைப் பற்றியதுதான். ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவர் ஒருவரின் காதலும் நினைவும் அது. ஃபிளனகனின் அப்பா அந்தப் பாதையில் உழைத்துத் திரும்பிய கைதி. மகன் அந்த நாவலோடு 12 ஆண்டுகள் போராடினார். "அவருக்குக் கேக்க அப்பா இருந்தாரு. நமக்கு யார் இருக்காங்க?" என்று டீச்சர் கேட்டபோது, வீட்டில் இருந்த அந்த ஒற்றை வரிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இருந்தார்கள். செமினிக்குப் பக்கத்திலேயே, ஒரு தாமான் வீட்டில், மகள் குடும்பத்தோடு ஒரு பாட்டி. தோட்டத்தில் பிறந்தவர். அப்பா சயாமுக்குப் போகும்போது அவர் சிறுமி. குடும்பத்தார் சம்மதத்தோடு, பெயரும் தோட்டமும் இல்லாமல், அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை கேள்விகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவை ஓட விட்டேன். "அப்பா போனப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு பாட்டி?"

"எப்படி இருக்கும்? இருந்துச்சு." அதோடு தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னென்னவோ கேட்டேன். ம், ஆமா, தெரியலை. வெளியே வரும்போது அவருடைய மகள் என்னிடம், "நேத்து ராத்திரி முழுக்க அம்மா தூங்கல அக்கா, நீங்க வரப் போறீங்கன்னு" என்றார். பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு மனுஷியைத் தேடிப் போவது எவ்வளவு முரட்டுத்தனமான காரியம் என்று காரில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

டீச்சர் சொன்னார்: "மனசைக் கேக்காத. சாமானைக் கேளு. கைக்கு வேலை இருக்கும்போது போ."

அடுத்து நான் போனபோது பாட்டி செய்தித்தாளை விரித்து நெத்திலியைக் கொட்டி வைத்திருந்தார். நானும் கீழே உட்கார்ந்தேன். இடது கையில் உடம்பைப் பிடித்து, வலது கட்டை விரல் நகத்தைக் கழுத்தில் வைத்துக் கிள்ளினால் தலையோடு கறுப்புக் குடலும் சேர்ந்து வர வேண்டும். அவசரப்பட்டால் தலை மட்டும் வந்து குடல் உள்ளேயே தங்கிவிடும். பாட்டி நான் கிள்ளியதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் என் பக்கம் போட்டார். கற்றுக்கொடுத்தார். ஒரு குவியல் முடிந்த பிறகு, அப்பா போகும்போது என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டேன். "சட்டையா? சாக்குல அம்மா தைச்ச காச்சட்டை. மேல ஒண்ணும் கெடையாது" என்றார். அங்கிருந்து வந்தது எல்லாம்.

தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வந்ததாம். தோட்டத்து எழுத்தர், கிராணி, பெயர் எழுதினாராம். மூன்று மாசத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம், கூலி உண்டு என்று சொன்னார்களாம். அப்பா ரப்பர் மரம் சீவும் தன் பால்கத்தியைக் கூரை அத்தாப்பில் செருகி வைத்துவிட்டுப் போனார். மூன்று மாசந்தானே. அம்மா அந்தக் கத்தியை எடுத்துத் துருப்பிடிக்காமல் துடைத்துத் துடைத்துத் திரும்பச் செருகுவார். தேங்காயெண்ணெய் கிடைக்காத காலம். சமையலுக்கு வைத்திருக்கும் செம்பனை எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்துத் தடவுவார். "அந்த எண்ணெய்க்கே பசியாக் கெடந்தோம் நாங்க. ஆனா அந்தச் சொட்டை யாரும் கேக்க மாட்டோம்" என்று பாட்டி சொல்லும்போது கை நெத்திலியைக் கிள்ளிக்கொண்டேதான் இருந்தது.

காதலைப் பற்றி அதுவரை நான் எழுதியிருந்த அத்தியாயத்தை அன்றிரவே எடுத்துப் படித்தேன். ரப்பர் மர நிழலில் சந்திப்பு, ரயிலடியில் பிரிவு, திரும்பி வருவேன் என்ற சத்தியம். பாதி சினிமா. கிழித்துப் போட்டேன். செருகிய இடத்திலேயே மறுபடி செருகப்படும் ஒரு பால்கத்தி அந்த இடத்துக்கு வந்தது. டீச்சரின் அடுத்த செங்குத்துக் கோடு அதற்குத்தான்.

இவ்வளவு கற்றுக்கொண்ட பிறகும் நாவல் நிற்கவில்லை. எனக்குப் பெரிய தோல்வி இனிமேல்தான் வந்தது.

காஞ்சனபுரிக்குப் போய் வந்தேன். ஊர் நடுவில் இருக்கும் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் படுத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பெயர், வயது, படைப்பிரிவு, வீட்டார் பொறிக்கச் சொன்ன சொற்கள். வெண்கலத் தகட்டில் விரலை ஓட்டினால் எழுத்துகள் தட்டுப்படும். தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. ஆளுக்கொரு குழியும் கிடையாது, பெயரும் கிடையாது. நாம் தோக் என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஏறினேன். வாங் போவில் மலைச்சரிவை ஒட்டி மரத்தூண்கள் மேல் ஊர்ந்து போகும் பாலத்தில் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் பாறை. கீழே ஆறு. நரக நெருப்புக் கணவாய் என்று கைதிகள் பெயர் வைத்த பாறை வெட்டில் இறங்கி நடந்தேன். ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவன் சம்மட்டியால் அடித்து வெடிமருந்துக்குத் துளை போட்ட இடம். உடைந்த உளி ஒன்று பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. திரும்பி வந்து சயாம் பகுதி முழுவதையும் புதிதாக எழுதினேன். நாவலில் பாதிக்கு மேல் அதுதான். ஆறு, மூங்கில், பாறை, மழை, கட்டையின் கனம் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் பாட்டியின் அப்பா சாகிறார். தேதி போட்டு, மழை பெய்யும் ஒரு விடியலில், பக்கத்தில் படுத்திருந்தவன் கையைப் பிடித்தபடி.

டீச்சர் அதை வாரக்கணக்கில் வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்தபோது ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது, அந்தத் தேதியைச் சுற்றி.

"அவர் செத்த தேதி அந்தப் பாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது, டீச்சர்."

"அவங்க அம்மாவுக்கு?"

"தெரியாது."

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

பாட்டி எனக்குச் சொல்லியிருந்தது இதுதான். போர் முடிந்து, சயாமுக்குப் போனவர்களில் மிஞ்சியவர்கள் திரும்பத் தொடங்கியபோது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். காலில் எலும்பு தெரிந்து ஆறிய புண்ணின் வடு. ஆற்றங்கரை முகாமில் அப்பாவைக் காய்ச்சலோடு பார்த்தேன், மறுநாள் எங்களை மேல் முகாமுக்கு நடத்திவிட்டார்கள் என்றார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அம்மா தாலியைக் கழற்றவில்லை. செத்தார் என்று யாரும் சொல்லவில்லையே. ஆனால் செத்திருந்தால் தண்ணிக்குத் தவிப்பாரே என்ற பயமும் இருந்தது. திதி தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மாச மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்று கோயில் ஐயர் சொன்னாராம். அன்றிலிருந்து அந்த அம்மா ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் புருஷனுக்குப் படையல் போட்டார். போட்டுவிட்டு, அன்றைக்கும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டார். தோட்டத்துப் பெரியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய் என்றார்கள். அம்மா கடைசி வரை இரண்டையும் செய்தார்.

இதை எல்லாம் கேட்டு, எழுதி வைத்துக்கொண்டு, அதன்பிறகும் நான் அந்த மனிதருக்கு ஒரு தேதியைக் கொடுத்திருந்தேன். அந்த அம்மா வாழ்நாள் முழுக்கத் தேடிக் கிடைக்காத ஒன்றை எடுத்து, நாவலுக்கு முடிவு வேண்டும் என்பதற்காக, பேனாவால் போட்டுவிட்டேன். அந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான், முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கல் நட்டால் அதில் ஒரு தேதி பொறிக்க வேண்டும். தேதி இல்லாமலும் ஒருவரை வைத்துக்கொள்ள நாவலில் இடம் உண்டு.

அப்படியானால் யார் கண்? நாவல் முழுக்க மகளின் கண். அவள் சயாமைப் பார்த்ததில்லை, அவள் அம்மா பார்த்ததில்லை. ஆகவே வாசகரும் பார்க்கக் கூடாது. சயாம் அத்தியாயங்கள் அத்தனையும் போக வேண்டும். காஞ்சனபுரியும் பாறையும் ஆறும் மூங்கிலும், நான் தோள் வலிக்க எழுதிய சிலிப்பர் கட்டையும்கூட.

ஒப்புக்கொள்ளப் பல வாரம் ஆயிற்று. டீச்சர் வற்புறுத்தவில்லை, கேட்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் தாள்களை எல்லாம் தரையில் பரப்பினோம். கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். ஒருபக்கம் மட்டும் எழுதச் சொன்னதன் பயன் அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்டினேன். வெட்டிய துண்டுகள் ஒருபக்கம் குவிந்தன. மிஞ்சிய தாள்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கின. காட்சி என்பதை அதுவரை நான் தலையால்தான் அறிந்திருந்தேன். தரையில் கிடந்த துண்டுகளை இடம் மாற்றி மாற்றி வைக்கும்போது, இரண்டு துண்டுகளுக்கு நடுவில் விழும் வெற்றுத் தரைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று கை கண்டுகொண்டது. அப்பா போகிற தாளுக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் திரும்பி வருகிற தாளுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி விட்டேன். டீச்சர் குனிந்து அதை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்.

வெட்டியது எதுவும் வீணாகவில்லை. திரும்பி வந்த அந்த மனிதர் நாவலில் எப்படி உட்காருவார், எப்படி நடப்பார் என்று எழுத உட்கார்ந்தபோது, சயாம் முழுவதும் அவர் உடம்புக்குள் வந்து சேர்ந்தது. அவருடைய ஒரு தோள் இறங்கியிருக்கும். தனக்குப் பின்னால் யாரையும் நடக்க விட மாட்டார், நின்று முன்னால் போகச் சொல்வார். மேட்டு நிலத்தில் ஏறும்போது யாரும் கேட்காமலே "மெல்ல, மெல்ல" என்பார். சிறுமிக்கு அது ஏன் என்று தெரியாது. எனக்குத் தெரியும், என் தோளுக்குத் தெரியும். அந்த அத்தியாயத்தை டீச்சர் படித்துக்கொண்டிருந்தபோது நான் சமையல்கட்டில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். எடுத்து வந்தபோது சிவப்புப் பேனா மூடியோடு மேசைமேல் இருந்தது. தாளின் ஓரம் வெறுமையாக இருந்தது. "இதுல நான் என்ன எழுதறது?" என்றார். அவரிடமிருந்து நான் பெற்ற பாராட்டில் பெரியது அது.

போன மாசம் கடைசி அத்தியாயத்தைக் கொடுத்தேன். மகளின் கல்யாண நாள். மணவறைப் பக்கம் அம்மா நிற்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அம்மா குங்குமத்தோடு வந்து நிற்கிறார். அந்த வருசத்து மகாளய அமாவாசைக்குப் படையலும் போடுகிறார். அங்கே ஓரத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: 'இந்த அம்மா எதை நம்பினார்? ஒரு வரி வேண்டும், வாசகருக்குப் புரியாது.'

நான் அந்த வரியை எழுதவில்லை. "மகளுக்கே அது தெரியாது, டீச்சர். அவளுக்குத் தெரியாததை நான் எப்படி எழுதுறது?" என்றேன். இத்தனை காலத்தில் அவருடைய திருத்தத்தை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் கேள்வியைத் தானே அடித்தார். பக்கத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு தாளைத் திருப்பி, கல்யாணப் பந்தலில் என்ன விளக்கு எரிகிறது, அதை யார் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.